வர வேண்டாம் என்றார்கள்

பிப்ரவரி 3, திங்கள்
காலையிலிருந்து பட்டறையில் எதிலும் மனம் நிற்கவில்லை. புது லாரிக்கு பாடி கட்டுகிறோம். பக்கப் பலகையை மூன்று தடவை அளந்தேன், மூன்று விதமாக வந்தது.

நேற்று ராசிபுரத்தில் எங்கள் ஊர்ப் பெண்கள் கபடி அணி ஒரே ஒரு பாயிண்டில் தோற்றது. அந்தப் பாயிண்ட் ஆட்டத்தில் போகவில்லை, என் வாயால் போனது. நடுவர் இரண்டு தடவை எச்சரித்தார். கேட்டேனா? "கால புடி, மோனிஷா!" என்று கத்திக்கொண்டே எல்லைக் கோட்டைத் தாண்டி உள்ளே போய்விட்டேன். எதிர் அணிக்கு ஒரு பாயிண்ட் கொடுத்துவிட்டார்.

பிப்ரவரி 4
நடுவர் மேல் புகார் எழுத உட்கார்ந்தேன். "என்னன்னுங்க எழுதுவீங்க? நான் உள்ள போனேன், அதைத் தப்புன்னுட்டாருன்னா?" என்றாள் என் வீட்டுக்காரி அன்புச்செல்வி. பேனாவை மூடி வைத்தேன்.

பிப்ரவரி 6, வியாழன்
கேப்டன் மோனிஷா பட்டறைக்கு வந்தாள். தனியாக வந்திருந்தாள்.

"பரமத்தி வேலூர் மேட்சுக்கு நீங்க வர வேண்டாங்கண்ணா."

யார் சொன்னது, கோச்சா என்றேன்.

"நாங்க எல்லாரும் பேசித்தானுங்க. நீங்க கத்துனா, யாரை எங்க புடிக்கப் போறோம்னு அந்தப் பக்கத்துக்கும் தெரிஞ்சு போயிருதுங்க. எங்களுக்கும் கையுங்காலும் ஆடுது."

"சரி சாமி" என்றேன்.

பொம்பளப் பிள்ளைகள் டவுசர் போட்டு ஆடுவதா என்று புதுச்சத்திரமே பேசியபோது வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளை அனுப்பச் சொல்லிக் கேட்டவன் நான். கபடி ஆட மேட் வாங்கிப் போட்டவன் நான். எட்டு வருடம்! இப்போது நானே வரக் கூடாதாம். என் வேனை அனுப்பாமல் விட்டால் எப்படிப் போகிறார்கள் பார்க்கலாம்.

பிப்ரவரி 7
வேனுக்கு டீசல் போடச் சொல்லிவிட்டேன். நேற்றைய கடைசி வரியைப் படிக்கவே வெட்கமாக இருக்கிறது.

பிப்ரவரி 12
பயிற்சிக்குப் போகவில்லை. பட்டறைச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் மைதானம். பிள்ளைகள் கபடி பாடிப் போகிற சத்தம் காதில் விழுந்துகொண்டே இருக்கிறது. வெல்டிங் ஆட்கள்மேல் எரிந்து விழுந்தேன். பாவம், அவர்கள் என்ன செய்தார்கள்?

பிப்ரவரி 16, ஞாயிறு
பரமத்தி வேலூர் மேட்சுக்குப் போகவில்லை என்று எழுத ஆசை. போனேன். மைதானத்துக்கு அல்ல — இரண்டு தெரு தள்ளி ஒரு டீக்கடைக்கு. ஒலிபெருக்கியில் ஸ்கோர் கேட்டது. நாலு டீ குடித்தேன். பதினோரு பாயிண்ட் வித்தியாசத்தில் தோற்றார்கள்.

கேட்டதும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

எழுதிவிட்டேன், இந்த வரியை அடிக்கப் போவதில்லை. பாத்தீங்களா, நான் இல்லாமயும் தோத்தீங்கல்ல — அப்படி ஒரு சந்தோஷம். ஒரு நொடிதான். பிள்ளைகள் அங்கே அழுதுகொண்டிருந்திருப்பார்கள், நான் இங்கே டீக்கிளாசோடு இளிக்கிறேன். என்ன மனுசன்யா நான்? எட்டு வருசமா யாருக்காகக் கத்திக்கிட்டு இருந்தேன்?

பிப்ரவரி 17
மோனிஷாவிடம் போய்ச் சொல்லிவிட்டேன். டீக்கடை, சந்தோஷம், எல்லாம். தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"இதை எதுக்குங்கண்ணா எங்கிட்டச் சொல்றீங்க?"

தெரியவில்லை என்றேன்.

பிறகு, "அடுத்தது சேலமுங்க. வேன் டிரைவர் ஊட்டுல கல்யாணமாம், அன்னைக்கு வர மாட்டாராம்" என்றாள். அவ்வளவுதான்.

மார்ச் 9, ஞாயிறு
சேலம். வேனை நான்தான் ஓட்டினேன். மைதான வாசலில் இறக்கிவிட்டு, ஒரு வேப்ப மரத்தடியில் நிறுத்தி உள்ளேயே உட்கார்ந்துகொண்டேன். யாரும் கூப்பிடவில்லை. எதிர்பார்க்கவில்லை என்றால் பொய். விசில் சத்தம் மட்டும் வந்தது. ஸ்டீயரிங்கைப் பிடித்த பிடியில் உள்ளங்கை சிவந்துபோயிற்று.

அப்புறம் பார்த்தால் மொத்த அணியும் மண்ணும் வேர்வையுமாக வேனைப் பார்த்து ஓடி வருகிறது. ஜெயித்துவிட்டார்கள். போட்டோவுக்கு என்னை நடுவில் நிற்கச் சொன்னாள் மோனிஷா. நான் எடுக்கிறேன், நீங்கள் நில்லுங்கள் என்றேன்.

கை ஆடியதில் பாதிப் பேருக்குத் தலையே இல்லை. எல்லாரும் சேர்ந்து திட்டினார்கள். மறுபடியும் எடுத்தேன்.