அரை மணி நேரம் முந்தி வந்தவன்

அண்ணே,

மேஜை மேல் ஒரு ரப்பர் பட்டை வட்டமாகச் சுருண்டு கிடக்கிறது. காரின் முன் கண்ணாடி விளிம்பில் வைக்கிற பீடிங். அது உங்களுடையது. போன புரட்டாசியில், தனித்தனியாக எதற்கு, ஒன்றாகவே இரண்டு சொல்லிவிடுவோம் என்று நீங்கள் சொல்லி, என் முகவரி கொடுத்து இங்கிலாந்திலிருந்து வரவழைத்தோமே, அதுதான். கப்பலில் ஏறி, சுங்கத்தில் காத்துக் கிடந்து, தை கடைசியில் வந்து சேர்ந்தது. கூரியர்க்காரர் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனதும் வாசலிலேயே நின்று பிரித்தேன். உள்ளே இரண்டு பட்டைகள். புது ரப்பரின் நெடி கூடம் வரை வந்தது. ஒன்றை என் பச்சை வண்டிக்குப் போட்டுவிட்டேன். மற்றது மூன்று வாரமாக என்னிடமே கிடக்கிறது. அதை எங்கே எடுத்து வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

நேற்று மதுரையில் கண்காட்சி. போய்விட்டு வந்தேன். என் மனைவி திருச்சியில், மகள் வீட்டில் பேத்தியைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். போனில், "பரிசு கிடைச்சுச்சா?" என்று கேட்டாள். "இல்ல" என்றேன். "சரி, நேரத்துக்குச் சாப்பிடுங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள். அவளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்த மைதானத்தில் நடந்ததைப் புரிந்துகொள்ளக்கூடிய ஒரே ஆள் நீங்கள்தான்.

நாம் முதன்முதலில் பார்த்துக்கொண்ட நாள் நினைவிருக்கிறதா? கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தார்கள். பின்கட்டைத் தாண்டி இருந்த கார் கொட்டகையில் ஒரே மாதிரி இரண்டு வண்டிகள் அடுத்தடுத்து நின்றன. இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய, மேலே திறந்த, தாழ்ந்த ஸ்போர்ட்ஸ் கார்கள். அந்த வீட்டு அண்ணன் தம்பி இருவரும் ஆளுக்கொன்றாக வாங்கியவை. அவர்கள் கடல் கடந்து போன பிறகு ஓட்ட ஆளில்லாமல் புழுதி மூடிக் கிடந்தன. பச்சை வண்டியில் என்ஜின் சுற்றியது, தரைத்தகடு கெட்டியாக இருந்தது. சிவப்பு வண்டியின் அடிப்பாகம் துருப்பிடித்து உதிர்ந்தது. இருக்கைக்குள் எலிகள் குடும்பம் நடத்தின. யாராக இருந்தாலும் பச்சையைத்தான் கேட்டிருப்பார்கள்.

நான் தபாலாபீசில் குமாஸ்தா. ஒன்பதரைக்கே அங்கே போய், அந்த வீட்டு ஆச்சியிடம் பச்சை வண்டியைப் பேசி முடித்துவிட்டேன். நீங்கள் பத்து மணிக்கு டிராக்டரில் டிரைலர் பூட்டிக்கொண்டு வந்து இறங்கினீர்கள். ஆச்சி உங்களிடம், "பச்சைய இவுக பேசிட்டாக. செகப்புதேன் இருக்கு. வேணும்னா பாருங்க" என்றார். சிவப்பு வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, மட்கார்டைத் தட்டிப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினீர்கள்.

"அரை மணி நேரம் முந்திக்கிட்டீக சார். பரவாயில்ல, இதயும் எந்திரிக்க வச்சிருவோம்."

அப்படிச் சொன்னதோடு நிற்கவில்லை. முதல் நடை என் வண்டியை உங்கள் டிரைலரில் ஏற்றிக் காரைக்குடியில் என் வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, அப்புறம்தான் உங்கள் வண்டியை வலையபட்டிப் பக்கம் இருந்த உங்கள் தோட்டத்துக்குக் கொண்டு போனீர்கள்.

சிவப்பு வண்டியை எழுப்ப உங்களுக்கு நாலு வருடம் பிடித்தது. எனக்கு ஒன்றரை வருடம். அதன் பிறகு நம் காலண்டரே கண்காட்சிகளை வைத்துத்தான் ஓடியது. கண்காட்சிக்கு ஒரு மாதம் முன்பே வேலை தொடங்கிவிடும். சக்கரங்களைக் கழற்றி, ஒவ்வொரு கம்பியாகப் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்ப்போம். பழைய வேட்டியைக் கிழித்து மெழுகு பூசித் துடைப்போம். நடுவர் டார்ச் அடித்துப் பார்ப்பார் என்று மட்கார்டின் உட்புறத்தைக்கூட மல்லாந்து படுத்துத் துடைப்போம். நீங்கள் உங்கள் தோட்டத்தில், நான் என் வீட்டில். தினமும் சாயங்காலம் போனில் ஒருவரை ஒருவர் வேவு பார்ப்போம். "என்ன சார், இன்னைக்கு என்ன தேச்சீக?" என்று ஆரம்பிப்பீர்கள். நான் செய்ததைக் குறைத்துச் சொல்வேன். நீங்கள் செய்ததைக் கூட்டிச் சொல்வீர்கள்.

உங்கள் வண்டியின் இடது கதவில் ஒரு சாண் நீளத்துக்கு ஒரு கீறல் இருந்தது. உங்கள் பசுமாடு கொம்பைத் தேய்த்ததில் வந்தது. வருடா வருடம் அதற்காக இரண்டு மார்க் குறையும். பட்டி வைத்துப் பெயின்ட் அடித்தால் ஒரு நாள் வேலை. எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். "இருந்துட்டுப் போகுது சார். இது நம்ம வீட்டு வண்டின்னு தெரியணும்ல" என்பீர்கள். அந்த இரண்டு மார்க்கில் நான் இரண்டு தடவை முதல் பரிசு வாங்கியிருக்கிறேன்.

பிறகு கோயம்புத்தூர்க் கண்காட்சி வந்தது. என் வண்டியின் முன்விளக்குகள் இரண்டும் பழுதாகி, ஒரிஜினல் கிடைக்காமல், டிராக்டர் விளக்குகளைப் பழைய வளையத்துக்குள் பொருத்தியிருந்தேன். யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தேன். நடுவர் நேராக வந்து விளக்கின் முன் குனிந்து பார்த்து, எட்டு மார்க் குறைத்தார். நீங்கள்தான் சொன்னீர்கள் என்று பக்கத்தில் நின்ற ஒருவர் என் காதில் போட்டார். நான் உங்களிடம் கேட்கவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். நீங்கள் சாயங்காலம் போன் செய்தபோது எடுக்கவில்லை. அதற்கு மறுநாளும் எடுக்கவில்லை. அப்படியே இரண்டு வருடம் ஓடிவிட்டது. எத்தனை அற்பமான இரண்டு வருடம், அண்ணே. இப்போது அதைத் திருப்பிக் கேட்டால் யார் தருவார்கள்?

மூன்றாம் வருடம் மதுரைக்குப் போகும் வழியில், மேலூரைத் தாண்டியதும் எனக்கு முன்னால் போன லாரியிலிருந்து ஒரு ஜல்லிக்கல் தெறித்து வந்து முன் கண்ணாடியில் விழுந்தது. மைதானத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் விரிசல் குறுக்கே ஓடிவிட்டது. முன் கண்ணாடி உடைந்த வண்டியை அனுமதிக்க மாட்டோம் என்று வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். வேப்பமரத்தடியில் ஓரமாக நின்றேன். உள்ளே உங்கள் சிவப்பு வண்டி துடைத்து முடித்துத் தயாராக நின்றது. நீங்கள் என்னைப் பார்த்துவிட்டு, கையில் துணியோடு வந்தீர்கள். இரண்டு வருடத்துக்குப் பிறகு நீங்கள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை, "ஸ்பானர் வச்சிருக்கீகளா?" என்பதுதான்.

"எதுக்கு?"

"என் கண்ணாடியக் கழத்தி இதுல மாட்டுவோம். ஒரே வண்டிதான, பொருந்தும்."

"அப்ப ஒங்க வண்டி?"

"ஒண்ணாவது போட்டில நிக்கட்டும் சார். நேரமாகுது, எடுங்க."

உங்கள் வண்டியை வெளியே கொண்டுவந்து, சட்டத்தோடு கண்ணாடியைக் கழற்றினோம். நீங்கள் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். பாதி கழற்றும்போது என்னால் அடக்க முடியவில்லை.

"கோயம்புத்தூர்ல என் லைட்டப் பத்தி நீங்கதான சொன்னீக?"

நீங்கள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "ஆமா, நாந்தேன் சொன்னேன். ரெண்டும் ஒரே வீட்டு வண்டியாமே, லைட்டு மட்டும் ஏன் வேற மாதிரி இருக்குன்னு கேட்டாக. டிராக்டர் லைட்டுன்னு சொன்னேன். கேட்டா வேற என்ன சொல்றது? நீங்க கேட்டிருந்தா அன்னைக்கே ஒங்ககிட்டயும் சொல்லியிருப்பேன். ரெண்டு வருசமா மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு... அந்தப் போல்ட்ட பாத்துப் பிடிங்க, கீழ விழுந்துறப் போகுது."

அன்று உங்கள் கண்ணாடியோடு எனக்கு முதல் பரிசு கிடைத்தது. கோப்பையை உங்களிடம் நீட்டினேன். "அது எனக்கெதுக்கு? என் கண்ணாடியக் குடுங்க, போதும்" என்றீர்கள்.

அந்த மரத்தடியில்தான் நானும் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அதற்குப் பிறகு பதினோரு வருடம் பழகினோம், அப்போதும் சொல்லவில்லை. இப்போது எழுதுகிறேன்.

கானாடுகாத்தானுக்கு நான் தற்செயலாக ஒன்பதரைக்கு வந்தவன் இல்லை. முந்தின நாள் சாயங்காலமே, அந்த வீட்டுச் சாமான்களை விற்றுக்கொடுத்த தரகர் என்னிடம் சொல்லிவிட்டார். வலையபட்டிப் பக்கத்து விவசாயி ஒருவர் பச்சை வண்டியைப் பேசி வைத்திருக்கிறார், பத்து மணிக்கு வருகிறார் என்று. இரவெல்லாம் எனக்கு அந்த வண்டி நினைப்புத்தான். காலையில் அந்த ஊருக்குப் போகும் முதல் பஸ்ஸைப் பிடித்தேன். ஆச்சி என்னைப் பார்த்ததும், "பச்ச வண்டிக்கு வாரேன்னு சொன்னவுக நீங்கதானா?" என்று கேட்டார்.

நான், "ஆமா ஆச்சி" என்றேன்.

அவ்வளவுதான். ஒரே ஒரு வார்த்தை. நீங்கள் டிராக்டரில் வந்து இறங்கி உங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னபோது ஆச்சி என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை நான் மறக்கவே இல்லை. அவர் உங்களிடம் ஒன்றும் சொல்லவில்லை, கை நீட்டி முன்பணம் வாங்கிவிட்டதனாலோ என்னவோ. பின்னால் எப்போதாவது சொன்னாரா? உங்களுக்குத் தெரிந்திருந்ததா? "அரை மணி நேரம் முந்திக்கிட்டீக" என்று வருடம் தவறாமல் என்னைக் கேலி செய்தீர்களே, அது வெறும் கேலிதானா, நான் வாய் திறக்கட்டும் என்று காத்திருந்தீர்களா? கேட்டிருந்தால் நீங்கள் சொல்லியிருப்பீர்கள். கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

போன கல்லறைத் திருநாளன்று அப்பா அம்மா கல்லறைக்கு வெள்ளையடித்துவிட்டு வந்து கை கழுவிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. உங்கள் வீட்டில் இருந்து. தண்ணீர் பாய்ச்ச மோட்டார் போடப் போனவர் வரப்பில் விழுந்து கிடந்தார் என்றார்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் சாப்பிட்டுக் கிளம்பிய பிறகு கொட்டகைக்குப் போனேன். மதுரைக்காக இந்தத் தடவை முன்கூட்டியே வேலையைத் தொடங்கியிருந்தீர்கள் போலிருக்கிறது. மூன்று சக்கரம் மின்னியது. நாலாவது பாதி தேய்த்தபடி சுவரில் சாய்ந்திருந்தது, பக்கத்திலேயே பிரஷ். உட்கார்ந்து மிச்சத்தைத் தேய்த்தேன். உங்கள் மனைவி வாசலில் வந்து நின்றார்கள்.

"எதுக்குண்ணே இதெல்லாம்? இனிமே யாரு கொண்டு போகப் போறா?"

"பாதில நிக்குதும்மா" என்றேன்.

உங்கள் மகன் சிங்கப்பூருக்குத் திரும்புமுன் வண்டியை விற்றுவிட்டான். அவனைக் குற்றம் சொல்ல மாட்டேன். பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் இன்னொரு முறை அது புழுதியில் கிடக்க வேண்டாம்.

நேற்று மைதானத்தில் வேப்பமரத்துக்கு எதிரே அது நின்றது. சென்னையிலிருந்து வந்திருந்த முப்பது வயதுக்காரர் ஒருவர் வாங்கியிருக்கிறார். நல்ல மனிதர். முழுக்கச் சுரண்டி, புதிதாகப் பெயின்ட் அடித்து, கண்ணாடி போல வைத்திருந்தார். நான் நேராக இடது கதவுக்குப் போய்க் கட்டை விரலால் தடவிப் பார்த்தேன். வழவழவென்று இருந்தது. பழைய நடுவர்தான். என்னைப் பார்த்து, "நீங்க இந்த வண்டிய நல்லாத் தெரிஞ்சவராச்சே. எதுவும் மாத்தியிருக்காங்களா?" என்று கேட்டார்.

"எல்லாம் சரியா இருக்கு. கதவுல ஒரு கீறல் இருந்துச்சு, அதுமட்டும் இல்ல."

"கீறல் இல்லன்னா மார்க் கூடத்தானே சார்?" என்று சிரித்துக்கொண்டே எழுதினார்.

முதல் பரிசு சிவப்பு வண்டிக்கு. எனக்கு ஒன்றும் இல்லை. என் முதுகு முன்போல வளைவதில்லை. இந்தத் தடவை மட்கார்டின் உட்புறத்தைச் சரியாகத் துடைக்கவில்லை. பரவாயில்லை. உங்களிடம் தோற்றால் ஒரு வாரம் தூக்கம் வராது எனக்கு. நேற்றுத் தோற்றது எனக்கு உறைக்கவே இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

கையோடு கொண்டு போயிருந்த உங்கள் பீடிங் ரப்பரை அந்த இளைஞரிடம் நீட்டினேன். "வேணாம் சார், எல்லாமே புதுசு போட்டாச்சு" என்றார். பிறகு மரியாதையாக என் வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ரெண்டும் ஒரே வீட்டு வண்டின்னாங்க. உங்களுக்குப் பச்சை எப்படிக் கிடைச்சது?" என்று கேட்டார்.

முதல் தடவையாக ஒருவர் கேட்டார். சொல்லிவிட்டேன். தரகர், முதல் பஸ், ஆச்சி கேட்ட கேள்வி, நான் சொன்ன ஒற்றை வார்த்தை எல்லாம். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு என் தோளைத் தொட்டார்.

"விடுங்க சார், எவ்வளவோ வருசம் ஆச்சு. அவர் அதெல்லாம் மறந்திருப்பாரு."

அன்பாகத்தான் சொன்னார். நான் தலையாட்டினேன். ஆனால் அதைச் சொல்ல வேண்டியவர் அவர் இல்லையே, அண்ணே.

நாலு மணிக்குக் கிளம்பினேன். சிவப்பு வண்டிக்கு நாற்பத்தைந்தைத் தாண்டினால் ரேடியேட்டர் கொதிக்கும். அதனால் எப்போதும் என்னை முன்னே விட்டு, "நீங்க மெதுவாப் போங்க சார், பின்னாடியே வாரேன்" என்பீர்கள். என் வண்டிக்கு அந்தத் தொல்லை கிடையாது. எழுபதில் சுகமாகப் போகும். ஆனால் நேற்றும் கால் நாற்பதுக்கு மேல் அழுத்தவில்லை. மேலூரில், திருப்பத்தூரில், பிள்ளையார்பட்டி விலக்கில், வழக்கம்போல் வேகத்தைக் குறைத்துப் பின்பக்கக் கண்ணாடியைப் பார்த்தேன். பஸ்களும் லாரிகளும் ஹாரன் அடித்தன. வெளியே கை நீட்டி வழிவிட்டேன். பின்னால் வந்த வண்டிகளெல்லாம் ஒவ்வொன்றாக என்னைக் கடந்து போய்விட்டன.