வாயில் உறைய வேண்டிய மருந்து

வேங்கிக்கால்
ஞாயிறு மாலை

அன்புள்ள அக்ஷயாவுக்கு அப்பா எழுதுவது. ஸ்வீடன் குளிரில் நீ உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நானும் உன் தம்பி அஜிதனும் சுகம். அம்மாவும் சுகம் என்று எழுதினால் பொய். போனில் பேசினால் அவள் பக்கத்தில் வந்து நின்றுகொள்கிறாள், நீயும் பாதியில் அழுதுவிடுகிறாய், அதனால்தான் தாளில் எழுதி போட்டோ எடுத்து அனுப்புகிறேன். முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் பேசு. நாக்கில் வந்த கட்டிக்கு வேலூர்ப் பக்கம் கொடுக்கிற கதிர்வீச்சு பாதி முடிந்திருக்கிறது, மீதிப் பாதி இருக்கிறது. வாயெல்லாம் புண், கஞ்சிகூட இறங்கவில்லை. போன வாரம் அங்கே ஒரு நர்ஸ் என்னைக் காட்டி அம்மாவிடம் இவர் உங்க தம்பிங்களான்னு கேட்டுவிட்டாள். எங்களுக்குள் ஒரு வயதுதான் வித்தியாசம் என்பது உனக்குத் தெரியும், அதிலும் நான்தான் பெரியவன், அவ்வளவு இளைத்துப் போயிருக்கிறாள். எடை இன்னும் இறங்கினால் மூக்கு வழியாகக் குழாய் போட வேண்டும், நடுவில் நிறுத்துவது மட்டும் கூடவே கூடாது என்று டாக்டர் சொன்னார். வெளியே வந்ததும் அம்மா, போதுங்க, இத்தோட நிறுத்திக்கலாம்னு சொன்னாள். இதை உன்னிடம் நான் சொல்லவில்லை, அதனால்தான் சாதாரணப் புண்ணுக்கு ஏன் இவ்வளவு கவலை என்று நீ கேட்டாய்.

நீ கேட்கச் சொன்ன மாதிரி டாக்டரிடம் கேட்டதில் அந்த மருந்தையே எழுதிக் கொடுத்தார். நீ அங்கே ஆராய்ச்சி செய்கிற அதே ஜாதிதான். குளிரில் தண்ணீராக ஓடும், உடம்புச் சூடு பட்டதும் கூழாகிப் புண்மேல் ஒட்டிக்கொள்ளும், உள்ளே இருக்கிற வலி மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விடும். ஆனால் வீட்டில் பாட்டிலைத் திறந்தால் மருந்து ஜவ்வரிசிக் களி மாதிரி நின்றது. ஸ்பூனால் தோண்டிப் போட்டால் எங்கேயும் ஒட்டாமல் தொண்டைக்குள் வழுக்கிப் போய்விட்டது, வலி கம்மியாகவே இல்லை. மருந்து வாங்கி வந்தது பௌர்ணமி அன்று, கிரிவலக் கூட்டத்துக்காக பஸ்ஸையெல்லாம் திருப்பி விட்டிருந்தார்கள், பைபாஸில் ரொம்ப நேரம் நின்றோம், மருந்தோடு வைத்த ஐஸ் உருகியிருக்கும் என்று நினைத்தேன். அடுத்து ஃபிரிட்ஜைச் சந்தேகப்பட்டேன். ஊரெல்லாம் பால் டேங்குக்குக் குளிர் சரிபார்க்கிறவன் வீட்டு ஃபிரிட்ஜ் மோசமா என்று தெர்மாமீட்டரை உள்ளே வைத்துப் பார்த்தேன், குளிர் சரியாகத்தான் இருந்தது. மருந்துக்கடைக்காரரிடம் போய்க் கத்திவிட்டும் வந்தேன். அவர் வேறு பாட்டில் கொடுத்தார், அதுவும் இரண்டாம் நாளே களி.

நேற்று வேலையிலிருந்து சீக்கிரம் வந்துவிட்டேன். பார்த்தால் உன் அம்மா அடுப்பில் வெந்நீர் வைத்து அதில் பாட்டிலை நிறுத்தியிருக்கிறாள். ஒவ்வொரு வேளையும் நான் பார்க்காத நேரத்தில் இதைத்தான் செய்திருக்கிறாள். எனக்கு வந்த கோபம் உனக்குத் தெரியும். ஏண்டி, படிச்சவதானே, பாட்டில்ல குளிர்ச்சியா வைன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்குல்லன்னு கேட்டேன். வைன்னுதான போட்டிருக்கு, வெச்சேன், குடிக்கறப்ப சுட வெக்கக் கூடாதுன்னு எங்க போட்டிருக்குன்னு திருப்பிக் கேட்டாள். காய்ச்சாத எதையும் வாயில வைக்கறதில்லைன்னு சமண விரதம் எடுத்திருக்கேன், நோவு வந்ததும் வுட்டுட்டா அதுக்குப் பேரு விரதமா, சோறுதான் போச்சு, இதுவாவது நிக்கட்டும்னு சொன்னாள். அதற்குமேல் கத்தி என்ன பிரயோஜனம். களியான பாட்டிலைத் திரும்ப ஃபிரிட்ஜில் வைத்தேன், காலையில் எடுத்தால் தண்ணீராக ஆடியது. அதை உள்ளுக்குக் கொடுக்கவில்லை, பயப்படாதே, ஆஸ்பத்திரியில் போனில் கேட்டுப் புதுசுதான் வாங்கினேன். பழையதில் ஒரு சொட்டு எடுத்து அவள் மணிக்கட்டில் விட்டேன். ஓடப் பார்த்தது, அப்புறம் நின்றுவிட்டது. கையைச் சாய்த்தாள், நகரவில்லை. அப்ப இதக் காய்ச்சறது என் உடம்புதானா, அடுப்பு எதுக்குன்னு அவளேதான் கேட்டாள். இந்தக் கணக்கு சாஸ்திரத்துக்கு ஒத்துவருமா என்று எனக்குத் தெரியாது, புதுப் பாட்டிலை எடுத்துக் கொடுத்தேன். புது மருந்தைக் குளிரக் குளிர வாயில் ஊற்றிக் கொஞ்ச நேரம் அடக்கி வைத்திருந்தாள். இன்று பொழுது சாய்வதற்குள் ஒரு டம்ளர் கேழ்வரகுக் கூழ் இறங்கியது. மூன்று நாளாகப் பாதி டம்ளர் தாண்டாத இடத்தில் இது.

நீ ஆராய்ச்சியை விட்டுவிட்டு வருகிறேன் என்றாயாம், அஜிதன் சொன்னான். வராதே. இங்கே வந்து நீ செய்யப்போவது நான் செய்வதுதான், எனக்குச் சமைக்கவும் தெரியும். அங்கே உட்கார்ந்து உருப்படியாக ஒன்று செய். அந்தப் பாட்டிலில் குளிர்ச்சியாக வை என்று மட்டும் போட்டால் போதாது, சூடு காட்டினால் வாய்க்குள் உறைய வேண்டியது பாட்டிலிலேயே உறைந்துவிடும் என்று காரணத்தையும் எழுதச் சொல். காரணம் தெரிந்தால் உன் அம்மா மாதிரி ஆளுகூடக் கேட்பாள். அம்மாவிடம் பேசும்போது விரதத்தை விடு என்று மட்டும் சொல்லாதே, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பாள். வேளைக்குச் சாப்பிடு, காதை மூடிக்கொண்டு வெளியே போ. அருகன் அருளால் நீ எடுத்த காரியம் முடித்து நல்லா இருக்க வேண்டும்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அம்மா வேன்கார வளவனுக்கு அவளாகவே போன் போட்டு, நாளைக்கு ஆஸ்பத்திரிக்குக் காலையில வந்துடுப்பான்னு சொல்லிக்கொண்டிருக்கிறாள். வார்த்தை சரியாக வரவில்லை. அவன் புரியலைங்கக்கான்னு கேட்க, வந்துடுன்னா வந்துடுடான்னு கத்துகிறாள்.

உன் அப்பா
தேவகுமார்