ஏறாத இறங்காத குரல்

ஆகஸ்ட் 5, திங்கள்

எருமை என்று சொல்லச் சொன்னாள். சொல்லவில்லை.

பியாடா என்று பெயர். பேச்சுப் பயிற்சி கொடுக்க மருத்துவமனையிலிருந்து வாரம் ஒரு முறை வருகிறாள். சின்னப் பிள்ளைகளின் வகுப்பில் மாட்டுகிற எழுத்துப் படத்தை என் முன்னால் விரிக்கிறாள். கோழி, முட்டை, எருமை. எழுபத்து மூன்று வயதில் எனக்குக் கோழி காட்டுகிறாள்! பள்ளிக்கூடத்தில் ஒரு நாள்கூட உட்காராதவன் நான். மணல் படகில் வேலை பார்த்துக்கொண்டே படிக்கக் கற்றேன். யார் செத்தாலும் எரியூட்டும் நாளில் ஒரு புத்தகம் அச்சடித்துக் கொடுப்பார்களே, அந்தச் சாவுப் புத்தகங்களை வைத்துக்கொண்டு, யாரையும் கேட்காமல்.

"சொல்லுங்க தாத்தா, எருமை."

பின்கட்டில் மிளகாய் இடித்துக்கொண்டிருந்த லாம்சுவான் சொன்னாள்: "எருமையைப் பார்த்து எருமைன்னு சொல்லுங்கிறியே, அதுக்குக் கோவம் வராதாம்மா?"

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். கட்டிய மனைவி பேசுகிற பேச்சு.

ஆகஸ்ட் 13

வலது கை கொஞ்சம் திரும்பியிருக்கிறது. எங்கள் தாய்லாந்து எழுத்தின் தலையில் இருக்கிற சின்னச் சுழியை முதலில் போட்டுவிட்டுத்தான் மற்றதை இழுக்கவேண்டும். அந்தச் சுழி இன்னும் நடுங்குகிறது. இந்தக் காலத்துக் கடைப் பலகைகளில் சுழியே இல்லாமல் மொட்டையாக எழுதுகிறார்கள். நான் அப்படி எழுத மாட்டேன். நடுங்கினாலும் தலையோடுதான் எழுதுவேன்.

எழுத்தில் எல்லாம் இருக்கிறது. அதுதான் வயிற்றெரிச்சல். இது உயர்ந்த எழுத்தா, நடுவா, தாழ்ந்ததா, மேலே என்ன குறி — ஒரு பார்வையில் குரல் எங்கே ஏறவேண்டும், எங்கே விழவேண்டும் என்று தெரிகிறது. தெரிந்து என்ன? ஏப்ரலில் புத்தாண்டு கழிந்த மறுநாள் மூளையில் ஏதோ அடைத்துக்கொண்டதிலிருந்து வாய் தட்டையாகிவிட்டது. சத்தம் வருகிறது, சொல்லும் வருகிறது. ஏற்றமும் இறக்கமும் இல்லை. அவை இல்லாவிட்டால் எங்கள் பேச்சில் பாதிக்குமேல் வேறு சொல்லாகிவிடும்.

நேற்று லாம்சுவானைக் கிட்டே வா என்றேன். 'கிட்டே' என்பதற்குக் குரல் விழவேண்டும். விழவில்லை. விழாவிட்டால் அது 'தூரம்'. "தூரமா எங்கே போகச் சொல்றே மனுசா? போறதா இருந்தா நாப்பது வருசத்துக்கு முன்னாடியே போயிருப்பேன்" என்று துணியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஆகஸ்ட் 19

பியாடா கைபேசியில் ஒரு பெண் குரலைப் போட்டுக்காட்டி, அதைக் கேட்டு அப்படியே சொல் என்றாள். பாங்காக் குரல்! வானொலியில் செய்தி வாசிக்கிற குரல். எங்கள் சுபன்புரியில் 'மீன்' என்றால் அதற்கு ஒரு இழுப்பு உண்டு, பாங்காக்காரன் கேட்டால் சிரிப்பான். சிரிக்கட்டும். அந்த இழுப்பில்தான் என் அம்மா என்னைத் திட்டினாள். போன குரலுக்குப் பதில் இன்னொருவர் குரலை வாங்கி வைத்துக்கொள்ள நான் என்ன பொம்மையா?

காகிதத்தில் எழுதிக் கொடுத்தேன்: 'இது என் ஊர்ப் பேச்சு இல்லை. இனிமேல் வராதே.'

"தாத்தா, எங்க ஆஸ்பத்திரியில இருக்கிற பதிவு இது ஒண்ணுதான்" என்றாள். போகும்போது கும்பிட்டுவிட்டுப் போனாள். நல்ல பெண்தான். இருந்தாலும்.

செப்டம்பர் 2

யாரும் வரவில்லை. மழை.

செப்டம்பர் 9

லாம்சுவானுக்கு வாசிக்கத் தெரியாது. நான் எழுதிக் கொடுப்பதை எல்லாம் பக்கத்தில் நூடுல்ஸ் கடை வைத்திருக்கிற ஜிட்டாவிடம் கொண்டுபோய்க் கொடுக்கிறாள். அவள் கடையில் சாப்பிடுகிற அத்தனை பேருக்கும் கேட்கும்படி வாசிக்கிறாள். இன்று காலை: "'குழம்பில் உப்பு இல்லை. வேண்டுமென்றே செய்கிறாய்.' இதுக்கு என்னக்கா பதில் சொல்லட்டும்?" கடையே சிரித்தது. ஜன்னல் வழியாக எனக்குக் கேட்டது.

வாயைத் திறந்தால் வேறு அர்த்தம். எழுதினால் ஊர்ச் சிரிப்பு. இந்த நோட்டு ஒன்றுதான்.

செப்டம்பர் 14, சனி

விகாரைக்குப் போகக் கிளம்பினேன். யாரிடமும் சொல்லவில்லை — எப்படிச் சொல்வது? நவம்பரில் துறவிகளுக்கு ஆடை கொடுக்கும் கதின விழா. முப்பது வருடமாக அந்த ஒலிபெருக்கி என் கையில். மக்களுக்கு முன்னால் பாலி மொழி வாசகங்களைச் சொல்லிக் கொடுப்பதும் நான், ஆடை கொடுப்பவர்களின் பெயரை வாசிப்பதும் நான். விகாரைத் தலைவர் பெரிய சாமியைப் பார்த்து இந்த வருடமும் நான்தான் என்று சொல்லிவிட நினைத்தேன்.

ஷேர் வண்டிக்காரனிடம் இடத்தைச் சொன்னேன். தலையை ஆட்டினான். வேறு எங்கோ கொண்டுபோய் இறக்கிவிட்டான். அங்கே ஒருத்தியிடம் கேட்டேன். மூக்கைப் பொத்திக்கொண்டு, "காலையிலேயே ஊத்திக்கிட்டு வந்துட்டியா பெரிசு? போய்ப் படு" என்றாள். வாழ்நாளில் ஒரு சொட்டு குடித்ததில்லை! கத்தினேன். கத்தக் கத்த இன்னும் குடிகாரன் ஆனேன்.

காவலர்தான் வீட்டில் கொண்டுவந்து விட்டார். வாசல் கம்பிக் கதவுக்கு லாம்சுவான் இன்று பூட்டுப் போட்டுவிட்டாள். சாவி அவள் இடுப்பில்.

செப்டம்பர் 15

பூட்டுக்குள் இருக்கிறேன். பொறியில் எலி. பின்னால் கால்வாய், முன்னால் கம்பி. 'நான் கைதியா?' என்று பெரிதாக எழுதி அவள் முகத்துக்கு நேரே காட்டினேன். அவளுக்குத்தான் வாசிக்கத் தெரியாதே. ஆனாலும் புரிந்துகொண்டாள். "எங்க வேணும்னாலும் போ. என்னைக் கூட்டிட்டுப் போ" என்றாள்.

அவளை எப்படிக் கூட்டிப்போவது? அவள் எனக்காகப் பேசுவாள். நான் பக்கத்தில் பொம்மை போல நிற்கவேண்டும்.

அக்டோபர் 13, ஞாயிறு

துறவிகளின் மழைக்காலத் தவம் முடிகிற நாள். விகாரை ஒலிபெருக்கி கால்வாய் தாண்டி இங்கேவரை கேட்கிறது. பேசுவது பிரயோங். ஓய்வுபெற்ற வாத்தியார். என் இடத்தில்! ரகரம் வரவேண்டிய இடத்தில் எல்லாம் லகரம் போடுகிறார். எழுத்தில் ர என்று கண்ணெதிரே இருக்கிறது, நாக்கைச் சுழற்ற அப்படி என்ன சோம்பல்? பெயர்களைக் கொல்கிறார். தலையணைக்கு அடியில் தலையை வைத்துக்கொண்டாலும் கேட்கிறது.

அக்டோபர் 28

பிரயோங் வீட்டுக்கே வந்தார். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம்.

"அண்ணே, விழாவுக்கு வந்து முன்வரிசையில உக்காருங்க. நீங்க இருந்தா எனக்குத் தைரியமா இருக்கும்."

வாழைப்பழத்தை அவர் பக்கமே தள்ளினேன்.

"வாங்கிக்க மனுசா, பழம் என்ன பாவம் பண்ணிச்சு?" என்று லாம்சுவான் எடுத்துக்கொண்டாள். அவரிடம், "கூட்டிட்டு வர்றேன் வாத்தியாரே" என்று சொல்லியும் அனுப்பிவிட்டாள். என்னைக் கேட்கவே இல்லை. இப்போதெல்லாம் என்னை யாரும் எதையும் கேட்பதில்லை.

நவம்பர் 3, ஞாயிறு

எழுதியே ஆகவேண்டும். கை வலித்தாலும்.

கதின விழாவில் முன்வரிசை வேண்டாம் என்று கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். லாம்சுவான் பக்கத்தில். பிரயோங் காகிதத்தைப் பார்த்து 'நமோ' என்று தொடங்கினார். மக்கள் திருப்பிச் சொன்னார்கள். நானும் சொன்னேன், பழக்கம். வாய் தானாகப் போகிறது, நான் கவனிக்கவில்லை.

லாம்சுவான் என் தொடையைக் கிள்ளினாள். "இந்தா மனுசா. நீ பேசுற."

பேசவில்லை, ஓதினேன். ஆனால் அவள் சொன்னது உண்மை. பழைய குரல்! ஒரு பிசிறு இல்லை. பாலியை எங்கள் எழுத்தில்தான் எழுதுகிறோம். ஆனால் மேலே ஏற்ற இறக்கக் குறி கிடையாது. எல்லோரும் ஒரே கோட்டில்தான் ஓதுவார்கள். தட்டையாக. இத்தனை மாதம் இது எனக்குத் தோன்றவே இல்லையே! வீட்டில் உட்கார்ந்து எருமையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அடுத்த வாசகத்தைப் பிரயோங் காகிதத்தில் தேடிக்கொண்டிருந்தார். நான் காத்திருக்கவில்லை. தூணுக்குப் பின்னாலிருந்து சொன்னேன். முன்னால் இருந்தவர்கள் யார் என்று பார்க்காமலே திருப்பிச் சொன்னார்கள். அதற்கடுத்ததையும் சொன்னேன். பிறகுதான் ஒவ்வொரு தலையாகத் திரும்பியது. பிரயோங் எழுந்து வந்து ஒலிபெருக்கியை என் கையில் வைத்தார்.

ஆடை கொடுக்கும் வாசகம் முழுதும் நான்தான். கிழவிகள் அழுதார்கள். "தவின் அண்ணனுக்குக் குணமாயிடுச்சு!" என்று யாரோ சொன்னார்கள். நானும் நம்பினேன். ஏன் பொய் எழுதவேண்டும்? நம்பினேன்.

அடுத்து பெயர்கள். பிரயோங் காகிதத்தை நீட்டினார். கொடுத்திருக்க வேண்டாம். நானும் வாங்கியிருக்க வேண்டாம். முதல் பெயர் என் பழைய படகுக் கூட்டாளி வீட்டாருடையது. என் ரகரம் கணீரென்று வந்தது. மற்றதெல்லாம் தட்டை. நான் நிறுத்தினேன். பெயருக்குரியவர்கள் 'சாது', நல்லது என்று சொல்லிக் கை குவிக்கவேண்டும். யாரும் குவிக்கவில்லை. தங்கள் பெயர் என்றே அவர்களுக்குத் தெரியவில்லை. மறுபடி வாசித்தேன். ஒரு குழந்தை சிரித்தது, அதன் தாய் வாயைப் பொத்தினாள். அப்படிப் பொத்தியதைத்தான் தாங்க முடியவில்லை.

காகிதத்தைப் பிரயோங் கையில் கொடுத்தேன். அவர் ரகரத்தை எல்லாம் லகரமாக்கி வாசித்தார். ஒவ்வொரு வீட்டாரும் தங்கள் பெயர் கேட்டதும் 'சாது' என்றார்கள்.

நவம்பர் 4

சாப்பிடவில்லை.

நவம்பர் 7

பெரிய சாமி சொல்லி அனுப்பியிருக்கிறார்: பாலிக்கு நான், பெயர்களுக்குப் பிரயோங். பாதி ஒலிபெருக்கி. ஓதும்போது மட்டும் மனிதன், இறங்கி வந்தால் ஊமை. அந்த மொழியில் எனக்குத் தண்ணீர்கூடக் கேட்கத் தெரியாது. லாம்சுவானுக்கு வேறு கேலி: "உப்பு வேணும்னா பாலியில கேளு, ஊரே திருப்பிச் சொல்லும்."

போவேனா? போவேன். வேறு என்ன இருக்கிறது எனக்கு?

நவம்பர் 15

இன்னும் நினைத்துக்கொண்டே இருக்கிறேன். தூணுக்குப் பின்னால் எனக்கு எப்படி வந்தது? நான் முன்னால் போகவில்லை. ஒருவர் சொன்னார், பின்னால் சொன்னேன். அவ்வளவுதான்.

பியாடாவுக்கு எழுதி ஜிட்டாவிடம் கொடுத்தேன். கடையில் வாசிக்கட்டும், போகட்டும். 'வா. ஆனால் அந்தப் பாங்காக் குரலைக் கொண்டுவராதே. லாம்சுவான் குரலைப் பதிவு செய்.'

நவம்பர் 18, திங்கள்

பியாடா வந்தாள். கைபேசியை லாம்சுவான் வாய்க்கு நேரே பிடித்தாள்.

"என்ன சொல்லணும்?"

"உங்களுக்குத் தோணுறதை எல்லாம் சொல்லுங்க பாட்டி. இந்த ஊர்ப் பேச்சிலேயே."

லாம்சுவான் தொண்டையைச் செருமிக்கொண்டாள். விகாரையில் நான் செருமுவது போலவே. "முதல்ல இதைச் சொல்லு மனுசா: 'லாம்சுவான், என்னை மன்னிச்சிடு.'"

மாட்டேன் என்று தலையை ஆட்டினேன்.

"சரி, அது வேணாம். கத்தரிக்காய்."

சந்தையில் கூவி விற்றவள். அந்தச் சொல்லை எங்கள் ஊர் இழுப்போடு மேலே ஏற்றிக் கீழே போட்டாள். பின்னால் சொன்னேன். தட்டை.

"அழுகினதை யாரு வாங்குவா? மறுபடி" என்றாள்.

மறுபடி சொன்னேன். இருட்டும்வரை கத்தரிக்காய்தான். வரவில்லை. கடைசியில் சொன்ன ஒன்றுக்கு மட்டும் அவள் உடனே 'மறுபடி' சொல்லவில்லை. கொஞ்சம் யோசித்தாள். அப்புறம்தான் சொன்னாள்.