வலப்பக்கம் போட்ட காட்ஸ்

ஜனவரி 16, 2025, வியாழன்

வேலையால் வந்து கோழிக்கறியை அடுப்பில் வைத்துவிட்டு, கொதிக்கும் வரைக்கும் என்று ஃபோனில் ஒரு போக்கர் மேசையைத் திறந்தேன். கறி அடிப்பிடித்தது. மேசையில் நான் வென்றேன். அருள் சட்டிக்குள் எட்டிப் பார்த்து, “இந்தக் கறிக்கு எத்தினை புள்ளி குடுத்தவங்கள்?” என்று கேட்டார். கட்டின நாளிலிருந்து இந்த மனிசனுக்கு வாய்க்கொழுப்பு மட்டும் குறையவேயில்லை.

காசு வைத்து ஆடும் இடமில்லை அது, வெறும் புள்ளிதான். அங்கே என் பெயர் நண்டு. முகவாதம் வந்து இடது பக்கம் விழுந்து இரண்டு வருடமாகிறது. சில மாதத்தில் சரியாகிவிடும் என்றார் டொக்டர். பாதி சரியானது. மீதிப் பாதியோடு மருந்துக்கடைக் கவுண்டரில் நிற்கப் பிடிக்காமல், பின்னறையில் மாத்திரைப் பொதி கட்டும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். என்னைப் பார்த்துவிட்டுச் சட்டென்று வேறு பக்கம் திரும்ப அங்கே ஆட்கள் இல்லை. ஃபோனிலும் இல்லை.

ஜனவரி 19, ஞாயிறு

பூசை முடிய மறைக்கல்வி ரீச்சர் அபிஷா எங்களிடம் வந்தா. மே மாதம் மகள் நிலூஜாவுக்கு உறுதிப்பூசுதல். எங்கள் ஒஸ்லோக் கோயிலுக்குப் பல நாட்டு ஆட்கள் வருவதால், அன்றைக்கு ஒவ்வொரு மொழியிலும் ஒரு பிள்ளையின் தாயோ தகப்பனோ மன்றாட்டு வாசிக்க வேண்டுமாம். தமிழுக்கு எங்கள் குடும்பம். “அம்மாவோ, அப்பாவோ?” என்று அவ கேட்டு வாய் மூடவில்லை, நிலூஜா “அப்பா” என்றாள்.

நல்லதுதான். பகரமும் மகரமும் உதடு ஒட்டினால்தான் வரும். என் உதடு ஒரு பக்கம் ஒட்டும், மற்றப் பக்கத்தால் காற்றுப் போகும். மரியரஞ்சனி என்ற சொந்தப் பெயரையே ஃபோனில் ரஞ்சி என்று சொல்லித் தப்புகிறவள் நான். கோயில் நிறைய ஆட்களுக்கு முன்னால் மன்றாட்டு வாசிக்கவா போகிறேன்?

பிறகு ஏன் இவ்வளவு கோபம் வருகிறது? பதினைந்து வயசு. தாயைப் பார்க்க வெட்கமாக்கும். ஒரு கணம் யோசித்துவிட்டாவது சொல்லியிருக்கலாம்.

ஜனவரி 28

ஃபோன் மேசையில் என்னோடு அடிக்கடி விளையாடும் ஒருவர் தன் பெயரை 'பொத்தெத்' என்று வைத்திருக்கிறார் — நோர்வேக்காரரின் நொஷ்க் மொழியில் உருளைக்கிழங்கு. இன்றைக்கு எழுதியிருந்தார். அவரும் ஒஸ்லோதானாம். குரோருட்டில் புதன்கிழமை பின்னேரங்களில் ஆறேழு பேர் கூடி நேரில் விளையாடுகிறார்களாம். காசில்லை, கோப்பியும் வாஃபலும் உண்டு, நண்டு வருமா என்று கேட்டிருந்தார்.

நண்டு வராது என்று எழுதினேன். அனுப்பவில்லை.

பெப்ரவரி 5, புதன்

போனேன். என்ன விசருக்குப் போனேனோ தெரியாது.

உருளைக்கிழங்கு ஆணல்ல, எமிலியா என்ற ட்ராம் ஓட்டும் மனுசி. அகலமான தோள், பெரிய குரல். எல்லாரும் கை தந்தார்கள். ஃபோனில் என் முறை வந்தால் வெளிச்சம் வரும். இங்கே ஒரு மண்ணும் வராது, எல்லாரும் பேசாமல் என்னையே பார்ப்பார்கள். அப்போதுதான் என் முறை என்று விளங்கும். காட்ஸை மேசையில் வைத்து மூலையை மட்டும் தூக்கிப் பார்க்க வேண்டும் என்பதும் எனக்குத் தெரியாது. நெஞ்சுக்கு நேரே விரித்துப் பிடித்தேன். பக்கத்திலிருந்தவர் மரியாதையாகக் கண்ணை மூடிக்கொண்டார்.

அங்கே ஆள் மாறி ஆள் எல்லாருக்கும் காட்ஸ் பிரித்துப் போட வேண்டும். என் முறை வந்தது. குலைத்துப் போடத் தொடங்கினேன். கை தன்பாட்டில் போனது. நிமிர்ந்து பார்க்கிறேன், மேசை முழுக்க என்னைப் பார்த்துச் சிரிக்குது. எமிலியா கண்ணைத் துடைச்சுத் துடைச்சுச் சிரிக்கிறா. என்ர முகத்தைப் பாத்து. நான் மும்முரமா இருக்கேக்கை வாய் கோணும் எண்டு எனக்குத் தெரியும், நிலூஜா ஒருக்கா வீடியோவிலை காட்டினவள். மிச்சக் காட்ஸை அப்பிடியே வைச்சிட்டு ஜாக்கெட்டை எடுத்துக்கொண்டு வந்திட்டன். ஒருத்தரிட்டையும் சொல்லேல்லை.

தொப்பியை அங்கேயே விட்டுவிட்டேன். காது உறைந்து வீடு வந்தேன்.

பெப்ரவரி 6

ஃபோனைத் திறக்கவில்லை.

பெப்ரவரி 9, ஞாயிறு

எமிலியா எழுதியிருக்கிறா. அப்படியே இங்கே குறித்து வைக்கிறேன்: “ஏன் ஓடினாய்? நீ காட்ஸ் போட்ட வேகத்தில் வாய் பிளந்திருந்தோம். பிறகுதான் அது எதிர்ப்பக்கமாகச் சுற்றுவதைக் கண்டோம். அவ்வளவு திறமாக, அவ்வளவு பிழையாக ஒருவர் போட்டு நான் பார்த்ததேயில்லை. தொப்பி என்னிடம் இருக்கிறது.”

இரண்டு தரம் வாசித்தேன். பிறகு அருளின் பழைய காட்ஸ் கட்டை எடுத்துச் சாப்பாட்டு மேசையில் போட்டுப் பார்த்தேன். உண்மைதான்! என் கை வலப்பக்கமாகவே போகிறது.

முந்நூற்றி நாலு! எங்கள் ஊர்க் காட்ஸ் விளையாட்டு. வடக்கே ஹம்மர்பெஸ்டில் அப்பா மீன் தொழிற்சாலையில் வேலை செய்த காலம். அப்பாவோடு அறையிலிருந்த ஆட்களில் யாராவது ஒருவருக்கு எப்போதும் வேலைமுறை இருக்கும். நாலாவது கைக்கு என்னைத்தான் கூப்பிடுவார்கள். முந்நூற்றி நாலு வலப்பக்கம் சுற்றும். போக்கர் இடப்பக்கம். ஃபோனில் இயந்திரம் காட்ஸ் போடுவதால் இத்தனை காலமும் நான் அதைக் கவனித்ததேயில்லை. எங்கள் ஆட்களில் யார் போயிருந்தாலும் இந்தப் பிழையைத்தான் விட்டிருப்பார்கள்.

அருளிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே குளியலறைக்குள் போய்க் கொஞ்சம் அழுதேன். அவர்கள் என் முகத்தைப் பார்க்கவேயில்லை, என் கையைத்தான் பார்த்திருக்கிறார்கள்.

பெப்ரவரி 12

தொப்பி கிடைத்தது. எமிலியா அதைத் தலையில் போட்டுக்கொண்டு கதவடியில் நின்றா.

முந்நூற்றி நாலைப் பற்றிச் சொன்னேன். உடனே ஒரு சுற்று முழுக்க என் பக்கமாக விளையாடுவோம் என்று தீர்மானித்தார்கள். நல்ல கூத்து. மூன்று பேர் முறை மாறி விளையாடினார்கள், கோப்பியும் கவிழ்ந்தது.

மார்ச் 5, விபூதிப் புதன்

காலையில் விபூதி பூசிக்கொண்டு, பின்னேரம் குரோருட்டுக்குப் புறப்பட்டேன். அருள் கதவடியில் மறித்தார். “தவக்காலத்திலை காட்ஸோ? ஆண்டவர் மன்னிப்பாரோ?”

“இறைச்சியை விடுறன். கேக்கையும் விடுறன். இதை விட ஏலாது.”

“அப்ப எனக்கும் நாப்பது நாளைக்கு மரக்கறியோ?”

“ஓம். உங்களுக்கும் கொஞ்சம் புண்ணியம் சேரட்டும்.”

நிலூஜா தன் அறைக்குள்ளிருந்து சிரித்த சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் கேட்டுக் கனகாலம்.

மார்ச் 19, புதன்

இன்றைக்கு வரிசையாகத் தோற்றேன். நேரில் எனக்கு ஆட்களை வாசிக்கத் தெரியவில்லை. எமிலியா மூக்கைச் சொறிந்தால் ஏமாற்றுகிறா என்று நினைத்தேன். அவவுக்கு அலர்ஜியாம்.

தோற்பதற்கு வேறு காரணமும் இருக்கிறது. விளையாட்டு முடிய எமிலியா கதிரை அடுக்கிக்கொண்டே சொன்னா. “உன் முறை வருவதற்கு முன்பே நீ காட்ஸைக் கவிழ்த்து வைத்து ஒதுங்கிவிடுகிறாய். யாராவது உன்னைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தாலே போதும், உடனே விட்டுவிடுகிறாய். அவர்கள் இன்னும் ஒன்றும் கேட்கக்கூட இல்லையே.”

டி-பானே ரயிலில் வரும்போது அந்த மனுசியில் எனக்குக் கடும் கோபம். ஸ்டேசன் ஒவ்வொன்றாகப் போகப் போக, அவ சொன்னது சரி என்றும் பட்டது.

மார்ச் 23, ஞாயிறு

நிலூஜாவைக் கேட்டுவிட்டேன். கோப்பைகளைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

“மன்றாட்டு வாசிக்க அப்பாவின்ர பேரை ஏன் குடுத்தனி? என்ர முகத்துக்கு வெக்கப்பட்டோ?”

அவள் துடைப்பதை நிற்பாட்டிவிட்டு என்னைப் பார்த்தாள். நேரே. எனக்குத்தான் பார்வை ஓடப் பார்த்தது.

“உங்களைக் கேட்டா மாட்டன் எண்டு சொல்லுவீங்கள். பள்ளிக்கூடப் பெற்றோர் கூட்டத்துக்கு மாட்டன். அபிஷா ரீச்சர் வீட்டை மாட்டன். என்ர பேத்டேக்கு என்ர பிரெண்ட்ஸ் வரேக்கையும் அறைக்குள்ளை இருந்தனீங்கள். எனக்கு அந்த மாட்டனைக் கேக்க ஏலாம போச்சுது அம்மா. அதுதான் கேக்கேல்லை.”

வெட்கமில்லை. பயம். என் வாயிலிருந்து வரும் ஒரு சொல்லுக்கு என் பிள்ளை பயந்திருக்கிறாள். இரண்டு வருடமாக அவளுடைய முகத்தை ஒழுங்காகப் பார்க்காமல் வெட்கம் வெட்கம் என்று நானே எழுதி வைத்திருக்கிறேன்.

“இப்ப கேளன்,” என்றேன்.

“வாசிப்பீங்களோ?”

தெரியாது என்றேன். அது பொய்யில்லை. அவள், “சரி, தெரியாது எண்டாலும் பரவாயில்லை,” என்று சொல்லிவிட்டு அடுத்த கோப்பையை எடுத்தாள்.

ஏப்ரல் 9, புதன்

அபிஷாவிடம் அருளின் பெயரை எடுத்துவிட்டு என் பெயரைப் போடச் சொல்லிவிட்டேன். ரீச்சர் ஏன் என்று கேட்கவில்லை. அருளுக்குப் பெரிய நிம்மதி. மைக்கைக் கண்டாலே அவருக்கு வேர்க்கும் என்பது இப்போதுதான் வெளியே வருகிறது.

விளையாட்டுக்கு நடுவில் மேசையில் மன்றாட்டை வாசித்துக் காட்டினேன். ஒருவருக்கும் ஒரு சொல்லும் விளங்காது, பிழை விட்டாலும் தெரியாது, அந்தத் துணிவுதான். “இன்னும் சத்தமாக,” என்றா எமிலியா. முதல் நாள் என் காட்ஸைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டவர் — அவர் ஓய்வுபெற்ற தபால்காரர் — நான் யாரையோ ஏசுவது போலக் கேட்கிறது என்றார். ஆண்டவரிடம் கேட்கிறேன் என்றேன். கேட்கத்தானே வேண்டும் என்றார்.

ஏப்ரல் 30

'நோயுற்றோருக்காகவும்' வந்துவிட்டது. 'மன்றாடுவோம்' வரவில்லை.

மே 14

மேசையில் வென்றேன். என் முறை வரும்வரை ஒன்றும் செய்யாமல் இருந்தேன். அவ்வளவுதான்.

மே 23, வெள்ளி

சேலை மினுக்கியாயிற்று. சமையலுக்கு ஆள் ஒழுங்கு. நிலூஜா தலைக்கு என்னவோ பூசிக்கொண்டு திரிகிறாள். பயமாக இருக்கிறது. பயமாக இருக்கிறது என்று அவளிடமே சொன்னேன். “எனக்கும்தான், எனக்கு பிஷப் முன்னாலை நிக்கிறார்,” என்றாள்.

மே 24, சனி

கோயில் நிரம்பி, பின்னுக்குச் சுவரோரமும் ஆட்கள் நின்றார்கள். எமிலியாவும் வந்து நடுவில் இருந்தா, அவவுக்குப் பின்னால் இருந்தவர்கள் பாவம். போலிஷ் முடிந்தது, வியட்நாமிஸ் முடிந்தது. என் முறை வரும்வரை இருந்தேன். பிறகு எழும்பிப் போனேன்.

தமிழுக்கு இரண்டு மன்றாட்டு. முதலாவதில் நாலாம் சொல்லிலேயே உதடு வழுக்கி, மைக்கில் காற்றுச் சத்தம்தான் வந்தது. முன் வரிசையில் ஒரு சின்னப் பிள்ளை தாயிடம் என்னவோ கேட்டது. நிற்பாட்டினேன். நிலூஜாவைப் பார்த்தேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவசரப்படுத்தவில்லை, தலையும் குனியவில்லை.

இடது கையைத் தூக்கி, விழுந்த பக்கத்து உதட்டை விரலால் பிடித்து மேலே தள்ளி வைத்தேன். வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு செய்து பழகியதை அத்தனை பேருக்கும் முன்னால் செய்தேன். முதலிலிருந்து திரும்ப வாசித்தேன். மன்றாடுவோம் என்று முடித்து நிறுத்தினேன்.

கோயில் முழுக்கப் பதில் சொன்னது. தமிழ் தெரிந்தவர்கள் தமிழிலும், தெரியாதவர்கள் நொஷ்க்கிலும்.

அது அடங்கும்வரை நின்றுவிட்டு, திரும்ப உதட்டைப் பிடித்துக்கொண்டு, இரண்டாவதை வாசித்தேன்.