மணி கேட்டவன்

ஆகஸ்ட் 4, திங்கள்

புழுக்கம். லேபில் ஏ.சி. ஓடவில்லை. காலையில் மட்டும் பதினேழு பேருக்கு ரத்தம் எடுத்தேன். யாழினிக்கு ரப்பர், ஸ்கேல் வாங்க வேண்டும். கேஸ் புக் பண்ண வேண்டும்.

16-ஆம் தேதி சிதம்பரத்தில் கூட்டம். பாட்டு இன்னும் முடியவில்லை. அஞ்சலை அக்காவின் மகன் சதீஷ் பற்றிய பாட்டு. பைக் திருட்டு விசாரணை என்று மதியம் மூன்று மணிக்குக் கூட்டிப் போனார்கள். நாலு மணிக்கு ஸ்டேஷன் பாத்ரூமில் வழுக்கி விழுந்து செத்துவிட்டான் என்று மறுநாள் எழுதிக் கொடுத்தார்கள். இருபத்து நாலு வயது. படகுக்குப் போகிற பிள்ளை.

மூன்றாவது வரி மட்டும் நன்றாக நிற்கிறது. ‘தண்ணி தண்ணின்னு கேட்டானே, தரையில கிடந்து கேட்டானே.’ நானாக எழுதியது. அங்கே என்ன கேட்டான் என்று யாருக்குத் தெரியும்.

11.10-க்கு ஒரு போன். தெரியாத நம்பர். ஹலோ என்றேன். பேச்சில்லை. கொஞ்ச நேரம் கழித்து பறைச் சத்தம். ஸ்டீபன் அடிக்கிற அடி. அஞ்சலை அக்காவின் இருமல். அப்புறம் என் குரல், “இரு இரு, திரும்ப எடு.” சனிக்கிழமை நாங்கள் செய்த பயிற்சி. அரை நிமிஷம் ஓடிவிட்டு கட்.

கையில் பிடித்திருந்த ரத்த டியூபில் யாருடைய பேர் என்று இரண்டு தடவை படித்தேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

வேலை முடிந்து ஸ்டீபனின் மெக்கானிக் ஷெட்டுக்குப் போனேன். பயிற்சி அவன் வீட்டு மாடியில்தான். நாங்கள் இருந்ததே நாலு பேர். நான். பறைக்கு ஸ்டீபன். என்கூடப் பாடுகிற ஜமீலா, பரங்கிப்பேட்டையில் தையல் கடை. அஞ்சலை அக்கா பாட மாட்டார், சும்மா கூட வந்து உட்காருவார்.

கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டே ஸ்டீபன் சொன்னான்: “அப்ப நம்மள்ல ஒருத்தர்தான் எடுத்திருக்கணும். வேற யாரு?”

அந்த நம்பருக்குத் திரும்ப அடித்தால், உபயோகத்தில் இல்லை என்கிறது.

ரவியிடம் சொன்னேன். “கூட்டத்துக்கு அப்புறம் கொஞ்ச நாள் நிறுத்திக்கயேன். பொண்ணு இருக்குது,” என்றார். கல்யாணமாகி பதினோரு வருஷத்தில் நிறுத்து என்று அவர் சொன்னது இதுதான் முதல்.

ஆகஸ்ட் 7, வியாழன்

மறுபடியும் அதே 11.10.

குக்கர் விசில். யாழினி, “அம்மா, ஸ்கேல் வாங்கியாந்தியா?” தாளிக்கிற சத்தம். நடுவில் நான் முனகுகிற புது வரி. நேற்று சாயங்காலம் சமையல்கட்டில் வாயில் வந்தது. யாரிடமும் பாடிக் காட்டவில்லை. தாளில்கூட இன்னும் எழுதவில்லை.

நேற்று வீட்டில் இருந்தவர்கள்: நான், யாழினி, ரவி.

இதை எழுதிவிட்டு ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் ரவி காபி போட்டுக் கொடுத்தார். குடிக்காமல் சிங்க்கில் ஊற்றினேன். ஏன் என்று கேட்கவில்லை அவர். கேட்காததும் பயமாக இருந்தது. போன் தொட்டால் சூடு. இரண்டு மணி நேரமாகக் கையிலேயே எடுக்கவில்லை, ஆனாலும் சூடு. அரிசி டிரம்முக்குள் வைத்து மூடினேன். யாழினி அதைப் பார்த்துவிட்டு, அவளும் மெதுவாகப் பேச ஆரம்பித்தாள்.

ஆகஸ்ட் 9, சனி

பயிற்சி. எல்லார் போனையும் பக்கெட்டில் போட்டு பக்கத்து வீட்டில் கொடுத்தோம். அப்படியும் யாருக்கும் குரல் எழும்பவில்லை. ஜன்னல், டியூப்லைட், ஃபேன் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தபடி பாடினோம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

ஜமீலா திடீரென்று நிறுத்தினாள். “என்னையே ஏங்க்கா பாக்குறீங்க?”

பார்த்தேன்தான். அவள் வீட்டுக்காரர் துபாயில். அவள் பாஸ்போர்ட்டுக்கான போலீஸ் விசாரணை நாலு மாதமாக நிற்கிறது. அந்தக் கணக்கைத்தான் மனசுக்குள் போட்டுக்கொண்டிருந்தேன்.

“பாஸ்போர்ட்டுக்காக நான் இதைச் செய்வேனாக்கா? அல்லாவுக்குத் தெரியும்.” அழுதுவிட்டாள். ஸ்டீபன் பறையைத் திருப்பி வைத்துவிட்டு எழுந்து போனான்.

அஞ்சலை அக்கா மட்டும் அசையவில்லை. “கேக்குறவன் கேட்டுட்டுப் போறான். எம்புள்ள கத்துனப்ப எவன் கேட்டான்? இப்பவாவது கேக்கட்டும்,” என்றார்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

11.10. எடுக்கக் கூடாது என்று நினைத்தேன். எடுத்தேன்.

பாட்டு ஓடியது, மூன்றாவது வரி வரை. நின்றது. மூச்சுச் சத்தம். அப்புறம் ஒரு ஆண் குரல். சின்ன வயசுக் குரல்தான். பக்கத்தில் யாரோ தூங்குவதுபோல மெதுவாக:

“அந்த வரி தப்பு மேடம். அவன் தண்ணி கேக்கல.”

“யாரு நீங்க?”

“மணி கேட்டான். மணி என்ன சார், மணி என்ன சார்னு. கேட்டுக்கினே இருந்தான்.”

கட். லேபில் மெஷின் சுற்றுகிற சத்தம் மட்டும். மூன்று பேர் கையை நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். ஊசி குத்த முடியவில்லை. கூட வேலை பார்க்கிற லதாவை வரச் சொன்னேன்.

ஆகஸ்ட் 13, புதன்

அரை நாள் லீவு. தேவனாம்பட்டினம். அஞ்சலை அக்கா கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார். கடல் இன்றைக்குச் சத்தமே போடவில்லை. சொல்லலாமா வேண்டாமா என்று வழியெல்லாம் யோசித்து, கடைசியில் அப்படியே சொன்னேன்.

கையில் கருவாட்டோடு நின்றுவிட்டார்.

“மணி கேட்டானாமா?”

“ஆமாங்க்கா.”

உள்ளே போனார். ஒரு சின்ன பிளாஸ்டிக் புட்டியோடு வந்தார். கண்ணுக்கு விடுகிற சொட்டு மருந்து, பாதி இருந்தது.

“அப்பதான் எனக்குக் கண்ணு ஆப்ரேசன் முடிஞ்சி ஒம்பது நாளு. அவன்தான் ஊத்துவான். சாயங்காலம் ஆறு மணிக்கு ஒருதரம். லேட்டானா பார்வை போயிடும்னு யாரோ சொல்லிட்டாங்க, அதையே புடிச்சிக்கினு இருந்தான். இது யாருக்கும் தெரியாதே, பாப்பா. நான் எவருகிட்டயும் சொன்னதில்லையே.”

நாலு மணிக்குச் செத்தவன் ஆறு மணியை நினைத்து மணி கேட்டுக்கொண்டிருந்தானா? அப்படியென்றால் எவ்வளவு நேரம் உயிரோடு இருந்தான்?

பஸ்ஸில் திரும்பும்போது மூன்று, நாலு, ஆறு என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்தேன்.

ஆகஸ்ட் 14, வியாழன்

நாலு பேரும் கூடினோம். முதலில் ஜமீலாவிடம் மன்னிப்புக் கேட்டேன். “உடுங்க்கா” என்றாள், ஆனால் தள்ளித்தான் உட்கார்ந்தாள்.

பிரச்சினை இது. வரியை மாற்றிப் பாடினால், உள்ளே இருந்த ஒருத்தன் சொல்லிவிட்டான் என்று அவர்களுக்குத் தெரியும். அவன் மாட்டுவான். ஸ்டீபன்: “மாட்டட்டுமே, போலீஸ்காரன்தான?” ஜமீலா: “சொன்னவன் ஒருத்தன்தான் மச்சான். அவனையும் உட்டுட்டா யாரு இருக்கா?”

முடிவு எடுக்கவில்லை. அஞ்சலை அக்கா, “அந்த எடம் வரும்போது நீ பாடாத. நான் பாத்துக்குறேன்,” என்றார்.

ஆகஸ்ட் 16, சனி

சிதம்பரம். கீழவீதி முனை. ஏழு மணி வரை அனுமதி. நூறு பேர் இருக்கலாம். பின்னால் போலீஸ் வேன், சீருடையில் ஏழெட்டுப் பேர், மஃப்டியில் எத்தனை பேரோ. ரவியும் வந்தார், யாழினியைத் தோளில் வைத்துக்கொண்டு. வருகிறேன் என்று சொல்லாமலே வந்தார்.

கடைசிப் பாட்டு. மூன்றாவது வரியில் நான் நிறுத்திக்கொண்டேன். அஞ்சலை அக்கா மைக்கை வாங்கினார். ராகமெல்லாம் இல்லை.

“மணி என்னா சார்?”

ஸ்டீபன் அடிப்பதை நிறுத்திவிட்டான். மறுபடியும், “மணி என்னா சார்?” முன்வரிசையில் சிலர் தாங்களாகவே கை வாட்சையும் போனையும் பார்த்தார்கள். மூன்றாவது தடவை அக்காவின் குரல் வேறு மாதிரி வந்தது. சதீஷை நான் பார்த்ததில்லை, அவன் பேசிக் கேட்டதில்லை. ஆனாலும் அது அவர் குரல் இல்லை என்று எனக்குப் பட்டது. ஜமீலா என் கையைப் பிடித்தாள்.

“மணி என்னா சார்?”

வேன் பக்கமிருந்து பதில் வந்தது.

“இன்னும் ஆறு ஆகல.”

மணி அப்போது ஆறே முக்கால்.

அதே குரல். சீருடையில் இருந்தார், முப்பது வயது இருக்கும். சொன்னது தான்தான் என்று தெரியாதவர்போல நின்றார். பக்கத்தில் நின்ற போலீஸ்காரர்கள் ஒவ்வொருவராக அவரைவிட்டு ஒரு அடி தள்ளி நின்றார்கள். அஞ்சலை அக்கா மைக்கைக் கீழே வைத்துவிட்டு, கூட்டத்துக்குள் இறங்கி, நேராக அவரிடம் போனார். அவர் கையைப் பிடித்தார். எங்கள் வக்கீலும் ஓடினார். யாரும் தடுக்கவில்லை.

ஆகஸ்ட் 18, திங்கள்

மழை. கடலூரில் வக்கீல் ஆபீஸ். கான்ஸ்டபிள் வந்திருந்தார். பேரை இங்கே எழுதப்போவதில்லை.

முதலில் என் பக்கம் திரும்பினார். “போன மாசம் கல்யாணப் பத்திரிகைன்னு வாட்ஸப்ல ஒண்ணு வந்துச்சே மேடம், தொறந்தீங்கள்ல? அதான். உங்க போன்லேருந்தே கேட்டோம். கேக்குற டூட்டி எனக்கு.” ரவியும் இல்லை, ஜமீலாவும் இல்லை. சிங்க்கில் ஊற்றிய காபி ஞாபகம் வந்தது. “உங்களுக்குத் தெரியணும்னுதான் போட்டுக் காட்டுனேன். நேரா சொல்ல தைரியம் இல்ல.”

அப்புறம் சொல்லச் சொல்ல வக்கீல் எழுதினார். மூன்று பக்கம்.

“ஆறு ஆயிடுச்சான்னு கேட்டுக்கினே இருந்தான். ஆயிடுச்சுன்னு ஒருதரம் சொன்னேன். ஊட்டுக்குப் போவணும்னு எழுந்திரிக்கப் பாத்தான். எழுந்தா அடிச்சாங்க. அதுக்கப்புறம் எப்ப கேட்டாலும் இன்னும் ஆகலைன்னே சொன்னேன். எட்டரை வரைக்கும் கேட்டான்.”

மழைச் சத்தம் ஜாஸ்தியானது. அஞ்சலை அக்கா அழவில்லை. வக்கீல் பேனாவை கான்ஸ்டபிள் பக்கம் நீட்டினார். வாங்கிக்கொண்டு, கையெழுத்துப் போடாமல் நிமிர்ந்தார்.

“ஆறு மணிக்கு அவனுக்கு என்னம்மா வேல? அன்னியிலேருந்து அதான் மண்டைக்குள்ள ஓடிக்கினு இருக்குது.”

வக்கீல் வாயைத் திறந்தார். அக்கா கையைக் காட்டி அவரை நிறுத்தினார்.

“மொதல்ல கையெழுத்தப் போடுப்பா.”

கான்ஸ்டபிள் மூன்று பக்கத்திலும் போட்டார். அக்கா தாள்களை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, அப்புறம்தான் அவரிடம் சொன்னார்.