மெக்னீசியம் கலந்த புட்டி

மார்ச் 3
ஆய்விதழிலிருந்து கடிதம். குச்சியக்காவின் கட்டுரையைப் போடத் தயார். ஒரே ஒரு சோதனையைப் புதிதாகக் கலக்கிய வளர்ப்புக் கரைசலில் திரும்பச் செய்து காட்ட வேண்டுமாம். அவள் இறந்து ஐந்து மாதம். செய்ய வேண்டியவள் நான். குச்சி வடிவ பாக்டீரியாவோடு பத்து வருடம் மல்லுக்கட்டியதால் ஆய்வுக்கூடத்தில் எல்லோருக்கும் அவள் குச்சியக்கா. எனக்குக் கூடப்பிறக்காத அக்கா. அவள் அம்மா இன்றும் போனில் கேட்டார்: "எம் பொண்ணு பேரு அச்சுல எப்பம்மா வரும்?"

மார்ச் 5
பாக்டீரியாவின் பக்கச் சுவரில் புதுச் சரக்கை எங்கே வைப்பது என்று மேஸ்திரி மாதிரி ஒரு புரதம் மேற்பார்வை பார்க்கிறது. அது இல்லாவிட்டால் சுவர் கண்டபடி வளர்ந்து, குச்சி உருண்டையாக உப்பி வெடிக்கும். எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். அக்கா அதை நீக்கிப் பார்த்தாள். குச்சி குச்சியாகவே இருந்தது. நுண்ணோக்கியை விட்டு நகரவே இல்லை அன்று. "பாருடி, மேஸ்திரி இல்லாமயே வீடு நிக்குது! எனக்கும்தான் ஆபரேஷன்ல என்னென்னமோ வெட்டி எடுத்துட்டாங்க. நானும் நிப்பேன் பாரு."

மார்ச் 9
புதுக் கரைசலில் செய்து பார்த்தேன். எல்லாம் உருண்டை.

மார்ச் 10
இன்றும். வெடித்த தோல்கள் மட்டும் மிதக்கின்றன. என் கைதான் சரியில்லையோ?

மார்ச் 11
ஐயோ. நான்தான்.
அவள் ஆஸ்பத்திரியில் இருந்த மூன்று வாரம், அப்போதுதான் மேஸ்திரியை நீக்கியிருந்த செல்களை என்னிடம் விட்டிருந்தாள். இரண்டே நாளில் சாக ஆரம்பித்தன. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. செல் வாடினால் மெக்னீசியம் உப்பைத் தூக்கலாகப் போடுவது எங்கள் வழக்கம். போட்டேன். பிழைத்தன. அதே தூக்கல் உப்போடு வளர்ப்புக் கரைசலைப் பெரிய புட்டி நிறையக் கலக்கி வைத்தேன் — எழுதி வைக்கல. திரும்பி வந்து அவள் செய்ததெல்லாம் அந்தப் புட்டியில். இன்று அதே உப்பைப் போட்டுப் பார்த்தேன். குச்சிகள், வரிசையாக. வீட்டை நிறுத்தியது உப்புதான்.
மறந்துபோனேனா? இல்ல. அவ துள்ளினப்போ ஒரு நொடி ஞாபகம் வந்துச்சு. வாயைத் திறக்கல.

மார்ச் 12
பழைய புட்டியில் இன்னும் கால்வாசி இருக்கிறது. அதில் செய்து அனுப்பினால் யாருக்குத் தெரியும்?

மார்ச் 14
பேராசிரியரிடம் சொல்லிவிட்டேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். "கட்டுரையை வாபஸ் வாங்கிடலாம்."

மார்ச் 16
அக்காவின் அம்மா வீட்டுக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன்.
"குச்சி நின்னுச்சுன்னு சொன்ன அன்னிக்கு, ரெண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டா. ஆபரேஷனுக்கு அப்புறம் அன்னிக்கு ஒரு நாள்தான்."
பிறகு, "இதை எனக்கு ஏம்மா சொன்னே?"
வாசல் வரை வந்தார். போய்ட்டு வான்னு சொல்லல.

மார்ச் 20
மிச்சக் கரைசலைக் கொட்டினேன். கழுவப் புட்டியைத் திருப்பினால், இத்தனை நாளும் சுவரைப் பார்த்திருந்த பக்கத்தில் ஓர் ஒட்டுத்தாள். அக்காவின் கையெழுத்து: "தங்கச்சி கலக்கியது. நம்பி எடுக்கலாம்."
அந்தப் பக்கம் மட்டும் தண்ணீர் படாமல் கழுவி வைத்தேன்.