மார்லிஸ் ஓட்டிய பன்றி

அன்பு மகன் கர்ட்டுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், அப்பா, மார்லிஸ், மாடு கன்று எல்லாரும் சுகம், நீயும் அந்த அலாஸ்கா கடலில் மீனோடு மீனாகிவிடாமல் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். சோளம் நன்றாக நிற்கிறது. பொருட்காட்சியில் என் பீச் ஜாமுக்கு மூன்றாம் பரிசு, அதைப் பற்றி எழுத எனக்கு மனமில்லை. எழுத வேண்டியது வேறொன்று இருக்கிறது, அவசரத்தில் எழுதுகிறேன், எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

உன் தங்கை மார்லிஸுக்கு இளைஞர் விவசாய மன்றத்தில் இதுதான் கடைசி வருஷம் என்று உனக்குத் தெரியும். நீ பன்றியைக் குச்சியால் தட்டி நடத்திக் காட்டும் போட்டியில் முதல் பரிசு ஊதா ரிப்பனாக வாங்கிக் குவித்துவிட்டுப் போனாய், அவள் இத்தனை வருஷமும் கர்ட்டின் தங்கை என்ற பெயரோடுதான் வளையத்துக்குள் போய் வெறுங்கையோடு வந்தாள். இந்த வருஷம் விட்டால் இனி இல்லை. அப்படியிருக்க ஏப்ரலில் குட்டி எடுக்கும்போது, இருந்ததிலேயே பிடிவாதக்காரனைப் பிடித்துக்கொண்டு வந்து மேயர் என்று பேர் வைத்தாள். அப்பா தலையில் அடித்துக்கொண்டார், அதுக்குத் திமிரு ஜாஸ்தி, வேற குட்டி எடு என்றார். திமிரெல்லாம் இல்லப்பா, சொன்னத யோசிச்சுப் பாத்துட்டுத்தான் செய்யும் என்றாள் இவள். கோடை முழுக்க அவள் குச்சியால் மேயரின் தோளில் ஒரு தட்டுத் தட்டுவாள், அவன் யோசிப்பான், இவள் காத்திருப்பாள். அதைப் பார்த்துப் பார்த்து எனக்குத்தான் பைத்தியம் பிடித்தது.

நேற்று இறுதிச் சுற்று. எல்லாம் ஒரே வெள்ளைப் பன்றிகள். நடுவரைவிட்டுக் கண்ணை எடுக்கக்கூடாது என்று நீதானே அவளுக்குச் சொல்லிக்கொடுத்தாய், அதை அவள் வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். நடுவில் மேயருக்கும், இவளோடு போட்டியிட்ட ஜோலீன் ஹூக்ஸ்ட்ராவின் பன்றிக்கும் சண்டை மூண்டது. தடுப்புப் பலகையோடு ஆட்கள் ஓடிவந்து பிரித்துவிட்டார்கள். பிரித்ததும் இரண்டு பெண்களும் நடுவரையே பார்த்தபடி, பக்கத்தில் எந்த வெள்ளை முதுகு இருந்ததோ அதைத் தட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அப்பா என் கையைப் பிடித்து நசுக்கி, வெர்னா, அது மேயர் இல்ல என்றார். வெளியிலிருந்து ஒரு வார்த்தை சொன்னாலும் பிள்ளையை வெளியே அனுப்பிவிடுவார்களே, நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். எதிர்ப்பக்கம் ஜோலீனைப் பெற்ற ஹூக்ஸ்ட்ரா தம்பதியும் வாயைப் பொத்திக்கொண்டுதான் இருந்தார்கள். ஜோலீனின் பன்றி மார்லிஸுக்கு முன்னால் வெண்ணெய்போல வழுக்கிக்கொண்டு போகிறது. ஜோலீன் பாவம், மேயரைத் தட்டினாள், திரும்பத் திரும்பத் தட்டினாள், அவன் வளையத்தின் நடுவில் நாய் மாதிரிப் பின்பக்கத்தை ஊன்றி உட்கார்ந்துவிட்டான்.

நடுவர் மார்லிஸிடம் வந்து உன் பன்றியின் காதில் இருக்கும் அடையாள எண் என்ன என்று கேட்டார். இவள் குனிந்துகூடப் பார்க்காமல் மேயருடைய எண்ணைக் கணீரென்று சொன்னாள். அவர் குனிந்து காதைப் பார்த்துவிட்டு, பொண்ணே, காது வேற சொல்லுதே என்றார். அப்போதுதான் இவள் முதல்முறையாகக் கீழே பார்த்தாள். முகம் பீட்ரூட்டாகிவிட்டது. ஆனாலும் கண்ணை நிமிர்த்தி, ஐயா, உங்களையே பாக்கணும்னு சொன்னாங்க, பாத்துக்கிட்டே இருந்துட்டேன், இது என் பன்னி இல்ல என்றாள். கொட்டகையே சிரித்தது. நடுவர் மைக்கை வாங்கி, கடைசியா இவங்க ரெண்டு பேரையும் பன்னிய மாத்தி ஓட்டச் சொல்லலாம்னு இருந்தேன், எனக்கு வேலையே வைக்கல என்றார். பிறகு, இப்போ உன்னோடத எழுப்பு பாப்போம் என்றார்.

மார்லிஸ் மேயரிடம் போய் ஒரே ஒரு தட்டுத் தட்டிவிட்டு நின்றாள். அவன் யோசித்தான். கர்ட், அந்தக் கொட்டகை முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு பன்றி யோசிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தது. எழுந்தான். மணமேடைக்குப் போகிற மாப்பிள்ளை மாதிரி நடந்தான். நடுவர் வந்து அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஒலிபெருக்கியில் முதல் பரிசு மார்லிஸ் என்று அவள் பெயர் மட்டும்தான் வந்தது, கர்ட்டின் தங்கை என்று வரவில்லை. நான் குதித்த குதியில் என் எலுமிச்சைச் சாறு முழுவதும் பாதிரியார் மடியில் கொட்டியது, அவர் அதையும் பொருட்படுத்தாமல் கைதட்டினார். இரண்டாவதாக வந்த ஜோலீன் இவளைக் கட்டிக்கொண்டு, உன் மேயர நீயே கட்டி அழு என்றாளாம். அப்பா பன்றிக் கொட்டிலுக்குப் போய்த் தொப்பியைக் கழற்றிக்கொண்டு மேயரிடம் மன்னிப்புக் கேட்டதை நான் பார்த்தேன், பார்த்தேன் என்று அவரிடம் சொல்லாதே. சனிக்கிழமை ஏலத்தில் மேயர் போய்விடுவான், இவள் அழுவாள், நீ அழாத வருஷம் உண்டா.

கடல் குளிருக்கு அந்தக் கம்பளிக் காலுறையைப் போட்டுக்கொள், கிறிஸ்துமஸுக்கு வரப் பார். கர்த்தர் உன் படகையும் உன்னையும் காக்கட்டும். முக்கியமான விஷயம், இதையெல்லாம் தன் வாயாலேயே உன்னிடம் சொல்ல வேண்டும் என்று மார்லிஸ் என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். வாய் திறக்கமாட்டேன் என்றுதான் சத்தியம் செய்தேன், எழுதமாட்டேன் என்று அல்ல. நீ கரைக்கு வந்து போன் செய்யும்போது ஒன்றும் தெரியாதவன்போல முதலிலிருந்து கேள், நடுவில் குறுக்கே பேசாதே, போனுக்குப் பணம் ஆனால் ஆகட்டும், நாங்கள் கட்டிக்கொள்கிறோம். அண்ணனிடம் சொல்ல அவளுக்கென்று ஒரு கதை இப்போதுதான் கிடைத்திருக்கிறது.

இப்படிக்கு,
வாய் திறக்காத உன் அம்மா
வெர்னா